தோட்டத்தில் எத்தனை எலி?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எலிகள்மீதும் ஒரு போர் தொடுத்தது. எலிகள் ருசி கண்டு ஒதுக்காத ஒரு நஞ்சை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கர்ட் ரிக்டர் கண்டுபிடித்திருந்தார். அதைத் தெருத் தெருவாக வைத்தார்கள். எலிகள் செத்தன, மறுபடியும் வந்தன. ஏன் வருகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, போர் முடிந்த சமயத்தில் அதே பல்கலைக்கழகத்தில் டேவிட் டேவிஸ், ஜான் எம்லன் முதலிய சூழலியலாளர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த வீட்டுத் தொகுதிகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த எலிகளில் பெரும்பகுதியைப் பிடித்து அகற்றினார்கள். பிறகு பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். எலிகள் பெருகின, பழைய அளவை நெருங்கியதும் பெருக்கம் தளர்ந்தது. பின்னாளில் டேவிஸ், ஜான் கிறிஸ்டியனோடு சேர்ந்து நேரெதிரான சோதனையையும் செய்தார். எலிகள் ஏற்கெனவே நிறைந்திருந்த தொகுதிகளில் வெளியிலிருந்து எலிகளைக் கொண்டுவந்து விட்டார். கூட்டம் கூடவில்லை, குறையவே செய்தது. ஓரிடத்தில் எத்தனை எலி வாழலாம் என்பதை அங்கே கிடைக்கும் தீனியும் ஒதுங்கிக்கொள்ளக் கிடைக்கும் மறைவும்தான் முடிவு செய்கின்றன என்பது அந்த ஆண்டுகளின் கண்டுபிடிப்பு. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு, கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்து, ஓட்டைகளை அடைத்த இடங்களில் எலி குறைந்தது, குறைந்தபடியே நின்றது.

நம் வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்குத்தான். வீட்டெலியின் கர்ப்பம் ஏறக்குறைய மூன்று வாரம். ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள். அவை மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பத்து எலி இருக்கும் தோட்டத்தில் ஐந்தைக் கொன்றால் மிச்சமிருக்கும் ஐந்துக்கும் தீனி இரட்டிப்பாகிறது. முன்பு பிழைக்காமல் போயிருக்கக்கூடிய குட்டிகள் இப்போது பிழைக்கின்றன. அடுத்த மனையிலிருந்து இளம் எலிகள் காலி வளைகளைத் தேடி வருகின்றன. தீனி குறையும்போது நடப்பது வேறு. பெண் எலி சினைப்படுவது குறைகிறது. சினைப்பட்டாலும் கருக்கள் சில உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. சில எலிகள் வேறிடம் தேடிப் போகும், சில பசியால் சாகவும் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரும் மாற்றம் பிறப்பில்தான் நிகழ்கிறது. எலிக்கு இரக்கம் காட்ட விரும்புகிறவரும் எலியே வேண்டாம் என்கிறவரும் ஒரே வேலையைச் செய்யலாம் என்று இந்த ஆய்வுகள் சொல்வதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் தோட்டத்தில் ஓடுவது யார் என்று பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தோட்டத்தில் ‘எலி’ என்ற ஒற்றைப் பெயருக்குள் குணமும் குடியிருப்பும் வேறுபட்ட பல உயிர்கள் இருக்கின்றன.

வீட்டெலி மெலிந்த உடம்பு, பெரிய காது, உடலைவிட நீண்ட வால் கொண்டது. அது ஏறும் பிராணி. தென்னை உச்சி, ஓட்டுச் சாய்ப்பு, பரண், அடர்ந்து படர்ந்த மல்லிகைக் கொடி, இவையெல்லாம் அதன் வீடு. குரும்பையும் இளநீரும் காம்போரத்தில் துளை விழுந்து கீழே கிடந்தால் பெரும்பாலும் அதன் வேலை. பெருச்சாளி தரையில் வாழ்வது. ஏறக்குறைய ஒரு கிலோ வரை வளரக்கூடியது. சாக்கடை ஓரத்திலும் மதில் அடியிலும் பெரிய வளை தோண்டும். அதன் சின்ன உறவான கரம்பை எலி வயலிலும் தோட்டத்திலும் வளை போட்டு, வாயிலில் புதுமண்ணைக் குவித்து வைத்திருக்கும். நெற்கதிரை வளைக்குள் இழுத்துச் சேமிப்பது அதுதான். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் அந்த வளைகளைத் தோண்டி எலியையும் நெல்லையும் எடுப்பது தலைமுறை தலைமுறையாக வரும் தொழிலறிவு. எந்த வளையில் எலி இருக்கிறது, எந்த வாயில் தப்பும் வழி என்பதை மண்ணின் ஈரத்தையும் தடத்தையும் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

மூஞ்சூறு எலியே அல்ல. கூர்மூக்கு, பொட்டுக் கண், கீச்சென்ற சத்தம், ஒருவித வாடை. சுவரோரமாக ஓடும், கரப்பான், பூரான், புழு பூச்சிகளைத் தின்னும். கிழங்கையோ விதையையோ நாடிப் போவது அதன் இயல்பல்ல. தோட்டத்துக்கு நன்மை செய்யும் இந்தப் பிராணி எலிப்பொறியிலும் நஞ்சிலும் சாவது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். பழம் கடிபட்டிருப்பதும் எப்போதும் எலியால் அல்ல. பகலில் கொய்யாவைக் கொறிப்பது அணில். மரத்தடியில் சாறு உறிஞ்சிய சக்கை உருண்டைகள் கிடந்தால் பழந்தின்னி வௌவால்.

வளையில் ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மாலையில் வளை வாயைப் பழைய செய்தித்தாளைக் கசக்கியோ ஈரமண்ணாலோ லேசாக அடைத்துவிட்டு விடியலில் பாருங்கள். திறந்திருந்தால் குடி இருக்கிறது. வேளாண் துறையினர் வயலில் உயிர்வளையை அடையாளம் காண்பதும் இப்படித்தான்.

இனி தீனி. எலிக்கு நாம் போடும் தீனி பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தீனியாகவே தெரிவதில்லை. காக்கைக்கு மதில்மேல் வைக்கும் சோறு ஒரு நல்ல பழக்கம். அதை விடச் சொல்ல மாட்டேன். காலையிலேயே, காக்கை தின்று முடிக்கும் அளவுக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும். இரவில் நாய்த்தட்டில் கிடக்கும் சோறு, கோழிக்கூண்டின் அடியில் சிந்திய கம்பு, உதிர்ந்து அழுகும் சப்போட்டா, முற்றவிட்டு மறந்த சர்க்கரைவள்ளி, இவை ஒவ்வொன்றும் ஓர் எலிக் குடும்பத்துக்கு விருந்து. ஓர் எலிக்கு நாளொன்றுக்குத் தேவை இருபது முப்பது கிராம் தீனிதான். ஒரு கைப்பிடிச் சோறு எத்தனை எலியைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மக்கும் குழி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாடித் தோட்டமும் வீட்டுத் தோட்டமும் பெருகிய பிறகு, பல வீடுகளில் எலி புகுந்தது இந்தக் குழி வழியாகத்தான். காய்கறித் தோலும் சருகும் போடும் குழியில் ஆபத்து குறைவு. சாதம், குழம்பு, மீன்முள், எண்ணெய்ப் பலகாரம் சேர்ந்தால் அது எலிக்குச் சாப்பாட்டுக் கூடமாகிவிடும். சமைத்ததைப் போட வேண்டும் என்றால் மூடியுள்ள தொட்டியில்தான் போட வேண்டும். தொட்டியின் அடியிலும் காற்றுத் துளைகளிலும் கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கட்டுங்கள். கோழிவலை உதவாது, கண் பெரிது, கம்பி மெலிது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டிருப்பவை. பிளாஸ்டிக், மரம், ஈயக்குழாய், அலுமினியத் தகடு எல்லாவற்றையும் அவை துருவிவிடும். குவியலை வாரம் ஒருமுறை கிளறி, ஈரமாக வைத்திருந்தால் கூடு கட்டும் எண்ணம் எலிக்கு வராது. அதற்கு வேண்டியது உலர்ந்த, அசையாத, யாரும் தொடாத இடம்.

மறைவும் அதே அளவு முக்கியம். எலி திறந்த வெளியைக் கடக்கப் பயப்படும். சுவரை மீசையால் உரசியபடி, ஒரே தடத்தில் போய் ஒரே தடத்தில் திரும்பும். மதிலோரமாகச் சாய்த்த தென்னை மட்டை, உரிமட்டைக் குவியல், உடைந்த தொட்டிகள், கட்டிடம் முடிந்தும் அகற்றாத செங்கல் அடுக்கு, இவை எலிக்குப் பாதையும் வீடும் ஒருசேர. விறகை அடுக்கத்தான் வேண்டும் என்றால் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். மதிலோரத்தில் இரண்டடி அகலத்துக்கு வெறும் தரையாக வைத்திருப்பது நல்லது. தென்னைக்குத் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் வழுக்குவதால் எலியால் ஏற முடியாது. ஆனால் பக்கத்து மரத்தின் மட்டையோ மாடிக் கைப்பிடிச் சுவரோ உரசிக்கொண்டிருந்தால் அது அந்த வழியாகத் தாவிவிடும். தகரம் கட்டுவதற்கு முன் அந்தத் தொடர்பை வெட்டிவிடுங்கள்.

இதில் வரிசை தவறக் கூடாது. தோட்டத்தில் தீனியை நிறுத்திய வாரமே எலி அடுக்களையை முகர ஆரம்பிக்கும். ஆகவே முதலில் வீட்டை அடைக்க வேண்டும். கட்டைவிரல் நுழையும் ஓட்டை எதுவும் எலிக்கு வாசல். குழாய் நுழையும் துளை, கதவடி இடைவெளி, குளியலறை நீர்ப்போக்கி, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, எல்லாவற்றையும் சிமெண்டாலும் கம்பிவலையாலும் மூடுங்கள். அடுத்து தீனி. கடைசியாக மறைவு. குவியலை அகற்றும்போது ஒரே நாளில் வாரிக் கொட்டாமல் ஒரு பக்கமாகத் தொடங்கித் தினம் கொஞ்சமாகக் கலைத்தால், குட்டி போட்ட தாய் அவற்றை வாயில் கவ்வி வேறிடம் மாற்ற நேரம் கிடைக்கும். வளைகளும் அப்படியே. தொடர்ந்து சில நாள் காகிதம் கலையாமல் இருக்கும் வளையைக் கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி மூடலாம். எலிக்கு மதில் எல்லையல்ல என்பதால் பக்கத்து வீட்டாரிடம் பேசுவதும் இந்த வேலையில் சேரும். பால்டிமோரிலும் ஒரு வீட்டை வைத்து அவர்கள் கணக்கிடவில்லை. முழுத் தொகுதியையும்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எலி மிஞ்சினால் பொறி. எலிக்குப் புதுப்பொருள் என்றால் அச்சம். நேற்றில்லாத ஒரு கூண்டு இன்று தன் தடத்தில் இருந்தால் அது சில நாள் சுற்றிக்கொண்டு போகும். கூண்டை வைத்த அன்றே எலி சிக்கவில்லை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர் அந்த அச்சத்தைத் தினமும் புதுப்பிக்கிறார். சுவரோரமாக வைத்து, கதவைக் கட்டித் திறந்தே விட்டு, நாலைந்து நாள் உள்ளே தேங்காய்ச் சில்லோ மசால்வடைத் துண்டோ வேர்க்கடலையோ வைத்து வாருங்கள். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு பொறியை ஏற்றுங்கள். அணிலும் மைனாவும் சிக்காமலிருக்க இருட்டிய பின் ஏற்றி, விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். தண்ணீரும் நிழலும் இல்லாத கூண்டில் ஒரு பகல் முழுக்க அடைபட்டுக் கிடப்பது கொடுமை.

சிக்கிய எலியை என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பெரும்பாலான கையேடுகள் தாண்டிப் போய்விடுகின்றன. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொண்டுபோய் விடுவது நல்லெண்ணம்தான், ஆனால் எலிக்கு அது உதவுவதில்லை. எந்த ஓட்டை எங்கே, எந்தப் பாதை பாதுகாப்பு என்ற அறிவைக் கொண்டே எலி வாழ்கிறது. அதெல்லாம் அறியாத இடத்தில் அது பருந்துக்கும் நாய்க்கும் எளிதில் கண்ணில் படும். அங்கே ஏற்கெனவே வாழும் எலிகளும் அந்நியனைத் தாக்கும். அப்படித் தாக்கப்பட்ட எலிகள் பல இறந்துபோவதை எலிகளின் நடத்தையை ஆராய்ந்த அந்தோணி பார்னெட் தம் ஆய்வுகளில் கண்டார். நோயை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்பதும் உண்மை. ஆகவே கூண்டுக்குச் சரியான பயன் ஒன்றே. வீட்டுக்குள்ளோ சாமான் அறையிலோ புகுந்த எலியைப் பிடித்து, ஓட்டைகளை அடைத்த பிறகு, அதே மனையின் வெளிப்புறத்தில், அதற்குத் தெரிந்த எல்லைக்குள் விடுவது. தோட்டத்து எலிக்குக் கூண்டு வைத்துப் பயனில்லை.

கூண்டோடு வாளித் தண்ணீரில் அமுக்குவது நம் தெருக்களில் சாதாரணமாக நடக்கிறது. எலி நன்றாக நீந்தும் பிராணி. மூச்சுக்காக அது போராடும் நிமிடங்கள் நீண்டவை. விலங்கு மருத்துவ நெறிமுறைகள் மூழ்கடிப்பதை ஏற்பதில்லை. 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பல் பென்-அமி பர்தால், ஜான் டெசெட்டி, பெக்கி மேசன் ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குறுகிய குழாய்க்குள் அடைபட்ட தன் கூட்டாளியை வெளியே விடுவிக்க எலி தானாகவே கதவு திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லெட் அடைத்த இன்னொரு குழாய் இருந்தபோதும் இரண்டையும் திறந்து, விடுபட்ட எலியோடு தின்பண்டத்தைப் பகிர்ந்துகொண்டது. தோழனின் தவிப்பை உணரும் ஓர் உயிரை வாளியில் அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போக எனக்கு மனம் வராது. கொன்றே ஆக வேண்டிய நிலை வந்தால், வலுவான விசைப்பொறி நொடியில் முடித்துவிடும். அதை இருபுறமும் எலி நுழையும் அளவு வழி விட்ட பெட்டிக்குள் வைத்தால் பறவையும் குழந்தையின் விரலும் தப்பும். தளர்ந்த விசையுள்ள பழைய பொறி கழுத்துக்குப் பதில் காலை நசுக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பசை அட்டையை ஒருபோதும் வாங்காதீர்கள். அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் கத்தி, தோல் உரிந்து, தன் காலையே கடித்து, கடைசியில் களைத்துச் சாகிறது. பல்லியும் சிட்டும் மூஞ்சூறும் அதே அட்டையில் ஒட்டும். நியூசிலாந்து 2015 முதல் இதைக் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்து 2022-ல் சட்டம் இயற்றியது. இந்திய விலங்குகள் நல வாரியமும் இதைத் தடை செய்யும்படி மாநிலங்களைக் கேட்டிருக்கிறது.

நஞ்சின் கதை நீளமானது. 1930-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழு அந்தத் தீவனத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கான ரத்த உறைவுத் தடுப்பு மருந்தாகவும் ஆனது. 1958-லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. அவற்றை வெல்ல வந்ததே புரோமாடயலோன், புரோடிஃபாகம் முதலிய இரண்டாம் தலைமுறை நஞ்சுகள். நம் கடைகளில் கேக் வடிவில் விற்கும் எலிமருந்துகளில் பல புரோமாடயலோன் கலந்தவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் உள்ளுக்குள் ரத்தம் கசிய, தளர்ந்து, பகலிலும் தள்ளாடித் திரியும். அந்தத் தளர்ந்த எலிதான் ஆந்தைக்கு எளிதில் கிடைக்கிறது. நஞ்சு ஆந்தையின் ஈரலில் மாதக்கணக்கில் தங்குகிறது.

2023 பிப்ரவரியில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் யாரோ வலையை வெட்டிவிட, ஃபிளாக்கோ என்ற பெரிய கொம்பன் ஆந்தை வெளியேறியது. ஓராண்டு நகரத்து எலிகளைத் தின்று சுதந்திரமாக வாழ்ந்தது. 2024 பிப்ரவரியில் செத்து விழுந்தபோது அதன் உடலில் நான்கு வகை ரத்த உறைவுத் தடுப்பு எலிநஞ்சுகளும், புறாக்களிடமிருந்து தொற்றிய கடுமையான வைரசும் இருந்தன. அதே ஆண்டு அந்த நகர மன்றம், எலிகளுக்குக் கருத்தடைத் தீனி வைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்துக்கு ஃபிளாக்கோவின் பெயரில் சட்டம் இயற்றியது.

நம் ஊரிலும் கூகைக்கு அதே கதிதான் காத்திருக்கிறது. சாவுக்குருவி என்று பெயர் வைத்து விரட்டும் அந்தப் பறவை எலியையே முக்கிய உணவாகக் கொண்டது. மலேசிய எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் கூகைக்குக் கூட்டுப்பெட்டி வைத்து எலி கட்டுப்படுத்துகிறார்கள். நம் வயல்களில் நடும் பறவைத் தாங்கிகளும் இந்த எண்ணத்தில்தான். ஒரு சின்ன வீட்டுத் தோட்டத்தைக் கூகை காலி செய்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்து உட்காரும் கூகையை நஞ்சு வைத்துக் கொல்லாமலிருந்தால் போதும். சாரைப்பாம்பும் அப்படி. அதே நேரம், எலி இருக்கும் இடத்துக்கு நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் வரும் என்பதால் தீனியைக் குறைப்பது பாம்புக்கடியையும் குறைக்கும் வேலை. பூனையை நம்பி வளர்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: ப்ரூக்ளினில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தபோது அங்கிருந்த பூனைகள் கொன்ற எலிகள் இரண்டுதான். செவிக்கு எட்டாத ஒலி எழுப்பி எலியை விரட்டுவதாக விற்கும் கருவிகளையும் நம்ப வேண்டாம். அவற்றின் விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது.

பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை, வளைக்குள் போடும் பாஸ்பைடு மாத்திரை இரண்டும் குடியிருப்புக்கு ஆகவே ஆகாதவை. பசையில் உள்ள பாஸ்பரஸ் ஈரலை அழிக்கும். அதற்கு முறிமருந்து கிடையாது. பாஸ்பைடு ஈரம் பட்டால் நச்சுவாயுவாகி அறைக்குள் பரவும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வைத்த மருந்தின் நச்சுக்காற்றில் ஒரு வீட்டின் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வீட்டில் யாராவது எலிமருந்தைத் தொட்டோ தின்றோ விட்டதாகச் சந்தேகம் எழுந்தால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், மருந்தின் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல எலிநஞ்சுகள் முதல் நாள் அமைதியாகவே இருக்கும்.

எலி குறைந்த பிறகு சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் கரைசல் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் மூத்திரம் கலந்த ஈரமண்ணிலிருந்தும் தேங்கிய மழைநீரிலிருந்தும், காலிலுள்ள சிறு கீறல் வழியாக உள்ளே நுழைகிறது. மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்காதீர்கள். புதரிலும் புல்லிலும் இருந்து எலிமேலும் மனிதர்மேலும் ஒட்டும் நுண்ணுண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. தோலில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று அதன் அடையாளம்; இடுப்பு, அக்குள், மார்பின் அடி போன்ற மறைவான இடங்களில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. இரண்டு நோய்க்கும் டாக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். தோட்டவேலைக்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், மண்ணில் வேலை செய்ததையும் எலி இருந்ததையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.